எரியுது எண்டால் எரியுது

அக்காவிடம் "சுகமோ?" என்று கேட்க எங்கட ஆக்களுக்குப் பயம். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்று கதைக்கும்போது வேறு யாரைக் கேட்டாலும், "ஓம், கடவுள் புண்ணியத்திலை சுகம்" என்று பதில் வரும். போரில் பிள்ளையைத் தொலைத்துவிட்டு வந்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். அக்கா மட்டும், "இல்லை, கால் எரியுது" என்பார். கேட்டவர், "என்ன வெயிலப்பா இண்டைக்கு" என்று பேச்சை மாற்றுவார். "அந்த வெயில்தான் காரணம்" என்று அக்கா அதையும் தன் காலுக்கே கொண்டுவந்துவிடுவார்.

அவர் என் கூடப்பிறந்தவர் இல்லை. பலெர்மோவில், கபோ சந்தைக்கு மேலே ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் நானும் என் புருசனும் இருந்தோம். வாடகையைச் சமாளிக்க ஒரு அறையை விட்டிருந்தோம். அதற்கு வந்தவர் அக்கா. நான் மன்னார், அவர் வன்னி. அவருடைய புருசன் முன்பே இத்தாலிக்கு வந்து, ஒரு கிழவரைப் பராமரிக்கிற வேலையில் அந்தக் கிழவர் வீட்டிலேயே தங்கியிருந்தார். போர் முடிந்து சில வருசம் கழித்துத்தான் மனைவியையும் மகளையும் இங்கே எடுப்பித்தார். தன் லீவு நாளில் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போவார்.

அக்கா வந்தது ஓகஸ்ட் மாதம். ஆபிரிக்கப் பக்கமிருந்து அனல்காற்று வீசிக்கொண்டிருந்தது. படியேறி வந்தவர் என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு நேரே குசினிக்குள் போய், "தங்கச்சி, ஒரு பேசினுக்குள்ளை தண்ணி தாறியளோ?" என்று கேட்டார். கணுக்காலுக்குக் கீழே இரண்டு பாதமும் அவித்த இறாலின் நிறத்தில் இருந்தன. தொட்டால் சுடும்போல இருந்தது. அவரோடு வந்த சின்ன மகள் சூட்கேசின் மேல் உட்கார்ந்து, இதெல்லாம் வழக்கம்தான் என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இது?"

"சின்ன வயசிலையிருந்து இப்பிடித்தான். சூடு பட்டால், கனக்க நடந்தால், சப்பாத்துப் போட்டால் வரும். அடுப்புத் தணலுக்குள்ளை காலை வைச்சிருக்கிற மாதிரி. குளிர்ந்தால் அடங்கும்."

இதைச் சொல்லும்போது அவருடைய குரலில் அழுகையும் இல்லை, கூச்சமும் இல்லை. பஸ் எத்தனையாம் இலக்கம் என்று சொல்கிற மாதிரிச் சொன்னார்.

கீழே சந்தையில் மீன் விற்கிறவனின் தட்டிலிருந்து ஐஸ் உருகி, கல்பாவிய ஒழுங்கையின் ஓரமாக ஓடும். மீன் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டுதான் எல்லாரும் அதைத் தாண்டுவார்கள். அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தண்ணீருக்குள் நிற்பார். முதல் நாள் மீன்காரன் கையை விசிறிக் கத்தினான். அக்கா அசையவில்லை. அப்போது அவருக்கு இத்தாலியன் நாலு சொல்தான் தெரியும். அதில் ஒன்றை எடுத்து, காலைக் காட்டி, "ப்ரூசா" என்றார். எரிகிறது. மறுநாளும் போய் நின்றார். ஒரு கிழமைக்குப் பிறகு அவன் தானே ஒரு அள்ளு ஐஸை அவர் காலடிக்குத் தள்ளிவிடத் தொடங்கினான்.

இன்னொரு நாள் எங்களுடைய ஆக்கள் கூட்டமாகச் சேர்ந்து, நகரத்தைக் காக்கிற புனிதையின் குகைக்கோயிலுக்கு மலையேறினோம். சைவம், கிறிஸ்தவம் என்ற பேதமில்லாமல் தமிழர் எல்லாரும் போகிற இடம் அது. அக்கா வெறுங்காலோடு ஏறினார். வழியில் ஒரு வயதான அம்மா கண்கலங்கி, "என்ன நேர்த்திக்கடன் பிள்ளை வைச்சிருக்கிறாய்?" என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டியிருந்தால் அன்றைக்கு முழுவதும் அக்காவை எல்லாரும் தலையில் தூக்கி வைத்திருப்பார்கள். "நேர்த்தி ஒண்டுமில்லை அம்மா. சப்பாத்துப் போட்டால் எரியுது" என்றார். குகைக்குள் சுவரிலிருந்து குளிர்ந்த தண்ணீர் சொட்டும். எல்லாரும் கும்பிட்டு வெளியே வந்த பிறகும் அக்கா அங்கேயே நின்றார். அது பக்திதான் என்று அந்த அம்மா கடைசிவரை நம்பினார்.

பொலிதேயாமாத் தியேட்டர்ப் பக்கத்தில் ஒரு பணக்கார இத்தாலிய அம்மா, சிஞ்ஞோரா என்று கூப்பிடுவோம், அவர் வீட்டில் நான்தான் அவருக்கு வேலை எடுத்துக் கொடுத்தேன். விருந்தாளிகள் வரும் நாளில் மூடின கறுப்புச் சப்பாத்துப் போடவேண்டும் என்பது அந்த வீட்டு ஒழுங்கு. அக்கா கொஞ்ச நேரம் போட்டுப் பார்த்தார். பிறகு கழற்றி மேசைக்குக் கீழே தள்ளிவிட்டு, வெறுங்காலோடு கோப்பித் தட்டை ஏந்திக்கொண்டு விறாந்தைக்குப் போனார். சிஞ்ஞோரா என்னை ரெலிபோனில் கூப்பிட்டுக் கத்தினார். வேலை முடிந்து வந்திருந்த அக்காவுக்கு அதைத் தமிழில் சொன்னேன். "உங்கடை வீட்டைத் துடைக்கிறது என்ரை கை. கையிலை ஏதும் குறையிருந்தால் சொல்லுங்கோ எண்டு சொல்லு" என்றார். நான் சொன்னேன். வேலை போனது.

அதற்குப் பிறகு நகரத்துக்கு வெளியே சியாகுல்லித் தோட்டங்களில் மண்டரின் தோடம்பழம் பிடுங்கப் போனார். அங்கே பிந்திப் பழுக்கிற இனம். குளிர் மாதங்களில்தான் அறுவடை. மற்றவர்கள் விறைத்துப்போய்க் கையை ஊதிக்கொண்டு நிற்கும் விடியலில், அக்கா ரப்பர்ச் செருப்போடு ஈரச் சேற்றுக்குள் நின்று பாட்டுப் படிப்பாராம். "எனக்கெண்டே கண்டுபிடிச்ச வேலை" என்றார்.

டாக்டர்மாரிடம் அவரைக் கூட்டிப்போனதும் மொழிபெயர்த்ததும் நான்தான். முதலில் பார்த்தவர் பெரிய டாக்டர், கண்ணியமானவர். எங்கேயிருந்து வந்தவர் என்று கேட்டார். போர் நடந்த இடம் என்றதும் பேனையை வைத்துவிட்டுப் பரிவோடு பார்த்தார். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. நரம்பில் மின்சாரம் விட்டுப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. கடைசியில் ஒரு குளிசை எழுதினார்.

"இது என்னத்துக்கு?" என்று அக்கா கேட்டார்.

"கவலைக்கு" என்று டாக்டர் சொன்னதை நான் சொன்னேன்.

அக்கா மருந்துச் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். "கவலையும் இருக்குத்தான். அது வேறை இடத்திலை இருக்கு. இது காலிலை. அவருக்கு அப்பிடியே சொல்லு" என்றார்.

அப்படியே சொன்னேன். டாக்டர் தலையசைத்தார். குளிசையை மாற்றவில்லை. அக்கா அதை வாங்கவும் இல்லை.

தனக்கென்றால் அவர் அதோடு விட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். மகளுக்குத் தொடங்கியபோதுதான் எல்லாம் மாறியது. மூன்றாம் வகுப்பில் இருந்தாள். வகுப்பு நடக்கும்போது சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலைச் சுவரின் குளிர்ந்த ஓட்டில் ஒட்டிவைத்துக்கொண்டு இருக்கிறாள் என்று ரீச்சர் எங்களைக் கூப்பிட்டார். நல்ல மனுசி அவர், பிள்ளைகளோடு அன்பாக இருப்பவர்.

"பிள்ளை பொய் சொல்கிறாள் என்று நான் சொல்லவில்லை" என்று வகுப்பில் வைத்தே, மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் சொன்னார். "பிள்ளைகள் பெற்றோரைப் பார்த்துப் பழகுவார்கள். வீட்டில் அம்மா எப்போதும் கால் எரிகிறது என்று சொன்னால், பிள்ளைக்கும் எரிவதுபோலத் தோன்றும்."

நான் அதைத் தமிழில் சொல்லி முடித்தபோது அக்காவின் முகம் இறுகிவிட்டது. வெளியே வந்து ஒழுங்கையில் நடக்கும்போதுதான் சொன்னார்:

"என்ரை அம்மாவுக்கும் இது இருந்தது. ஊரிலை அவவுக்குப் பேய் பிடிச்சிருக்கு எண்டவை. எனக்கு வந்தபோது, தாயைப் பாத்துப் பழகினவள் எண்டவை. இப்ப இவளுக்கும் அதையே சொல்லுகினம். கடல் தாண்டி வந்தும் அதே கதை. இதை நான் விடமாட்டன்."

விடவில்லை. வேலையில்லாத நாளெல்லாம் என்னை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிகளுக்கு அலைந்தார். அப்படித்தான் கடைசியில் நோவுக்கென்று இருந்த ஒரு கிளினிக்கில் ஓர் இளம் டாக்டரைச் சந்தித்தோம். ஒரு பெண். கிழமையில் இரண்டு நாள் நோயாளிகளைப் பார்ப்பார், மற்ற நாட்களில் ஆராய்ச்சிக்கூடத்தில் இருப்பார். அவர் முதலில் செய்தது, குந்தியிருந்து அக்காவின் பாதத்தைத் தன் இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திப் பார்த்தது. "அம்மாவுக்கு இருந்ததா?" என்று கேட்டார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். இதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி அது.

"ஐஸுக்குள் கால் வைக்கக்கூடாது, தோல் வெடித்துப் புண்ணாகும்" என்றும் டாக்டர் சொன்னார்.

"அப்ப வேறை வழி தாங்கோ, வைக்கேல்லை" என்றார் அக்கா. டாக்டர் சிரித்துவிட்டார்.

அக்காவின் இரத்தத்தை வெளியூருக்கு அனுப்பிப் பார்த்தார்கள். நோவைக் கொண்டுபோகிற நரம்பில் ஒரு கதவு இருக்கிறதாம். பிறப்பிலேயே அந்தக் கதவின் பூட்டு இளகியிருக்கிறது, சின்னச் சூட்டுக்கும் திறந்துகொள்கிறது, தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகக்கூடியது என்று டாக்டர் விளக்கினார். அதோடு ஒரு விசயமும் கேட்டார். உயிரோடு இருக்கிற ஒருவரின் நரம்பை வெட்டி எடுத்துப் பார்க்க முடியாது. எலியின் நரம்பில் வேலை செய்த மருந்து மனிதருக்கு வேலை செய்யாமல் போகிறது. ஆனால் இரத்தத்திலுள்ள கலங்களை, அதாவது உயிரணுக்களை, பின்னுக்குத் திருப்பி, கருவிலிருக்கும் கலம்போல எதுவாகவும் வளரக்கூடிய குருத்துக்கலம் ஆக்கலாம். பிறகு அதையே நோவை உணர்கிற நரம்பாக வளர்க்கலாம். அதன்மேல் மருந்துகளைப் போட்டுப் பார்க்கலாம். அக்கா சம்மதிப்பாரா?

"என்ரை காலைச் சட்டிக்குள்ளை வளக்கப்போறியளோ?"

"காலை இல்லை. கால் நரம்பு மாதிரியான நரம்பை மட்டும்."

"வளந்தாப்பிறகு நான் பாக்கவேணும். என்ரை மகளும் பாக்கவேணும்."

டாக்டர் ஒப்புக்கொண்டார். பிறகு கொஞ்சம் தயங்கி, மகளின் இரத்தமும் கிடைத்தால் தாயையும் பிள்ளையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம், ஆராய்ச்சிக்குப் பெரிய உதவி என்றார்.

"இல்லை" என்றார் அக்கா. "அவள் ஓம் எண்டு சொல்ல அவளுக்கு இன்னும் வயசில்லை. அவளுக்காக நான் சொல்லமாட்டன்."

அன்றைக்கு அக்காவின் புருசன் ரெலிபோனில் கெஞ்சினார். இங்கே இருக்கிற அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கிற நேரம், பெரிய இடத்து ஆக்களிடம் மாட்டேன் என்று சொன்னால் அந்த விசயம் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகம்வரை போய்விடும் என்று அவருக்குப் பயம். "மாட்டன் எண்டு சொன்னதுக்காகத் திருப்பி அனுப்புறதெண்டால் அனுப்பட்டும். நான் செருப்பில்லாமலே நடந்து போறன்" என்று சொல்லி அக்கா போனை வைத்தார். ஒரு குவெஸ்தூராவுக்கும் ஒன்றும் போகவில்லை. டாக்டர் பிறகு ஒருநாளும் மகளைப் பற்றிக் கேட்கவும் இல்லை.

பக்கத்தில் வைத்துப் பார்க்க, எரிவில்லாத ஒருவரின் இரத்தமும் தேவைப்பட்டது. அக்காவின் வயதுக்குக் கிட்டிய, அதே நாட்டுப் பெண் என்றால் நல்லதாம். டாக்டர் என்னைப் பார்த்தார். நானும் கையை நீட்டினேன்.

நரம்பு வளர ஒரு வருசத்துக்கு மேல் பிடித்தது. இடையில் அக்கா நாலைந்து தடவை ரெலிபோன் எடுத்து, தன் மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரிக்கிறதுபோல, "என்ரை ஆக்கள் எப்பிடி?" என்று கேட்டார். கடைசியில் ஒரு பின்னேரம் எங்களைக் கூப்பிட்டார்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போனோம். வெள்ளை மேலங்கி போட்டு, மூடின சப்பாத்தோடுதான் உள்ளே விடலாம் என்றார்கள். அக்கா அன்றைக்கு மட்டும் மறுபேச்சுப் பேசாமல் போட்டுக்கொண்டார்.

நுணுக்குக்காட்டிக்குள் பார்த்தால் சின்னச் சின்ன உருண்டைகள், ஒவ்வொன்றிலிருந்தும் நூல் மாதிரி நீண்ட இழைகள். ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. என்னுடையதும் அக்காவினதும் பார்க்க ஒரே மாதிரித்தான் இருந்தன. வித்தியாசம் காதுக்குத்தான் தெரிந்தது. சட்டிகளை ஒரு கருவியில் வைத்தார்கள். நரம்பு எழுப்புகிற மின்சாரத்தை அது சத்தமாக மாற்றும். முதலில் என்னுடையது. ஒன்றுமில்லை. கொஞ்சம் கழித்து ஒரு 'டிக்'. பிறகு நெடுநேரம் அமைதி.

அடுத்தது அக்காவினது. வைத்தவுடனேயே சடசடவென்று தொடங்கியது. ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. டாக்டர் சூட்டைக் கொஞ்சம் கூட்டினார். காய்ச்சல்காரனின் உடம்புச் சூட்டுக்குக் கிட்ட வரும்போது தகரக் கூரையில் மழை கொட்டுகிற மாதிரி ஆகிவிட்டது. பல வருசமாக ஒரே குசினியில் அவர் எரியுது என்று சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதன் சத்தத்தைக் கேட்டேன்.

மகள் தாயின் மேலங்கியைப் பிடித்து இழுத்து, "அம்மா, இது உங்கடயா?" என்று கேட்டாள்.

"ஓம்."

"எனக்குள்ளையும் இப்பிடித்தான் கேக்குமா?"

"ஓம் குஞ்சு."

அக்கா டாக்டரைப் பார்த்தார். "அதுகளுக்கு நோகுதோ?"

"இல்லை" என்றார் டாக்டர். "நோவதற்கு மூளை வேண்டும், ஓர் ஆள் வேண்டும். இது செய்தியை மட்டும் அனுப்புகிறது."

"ரெலிபோன் அடிக்குது, எடுக்க ஆளில்லை."

"ஓம், அப்படித்தான்."

"எடுக்கிற ஆள் இஞ்சை நிக்கிறன்" என்றார் அக்கா. பிறகு தன் கைபேசியை எடுத்து அந்தச் சத்தத்தைப் பதிந்துகொண்டார். முடிந்ததும், "இப்ப குளிராக்குங்கோ" என்றார்.

அவற்றுக்கு ஒன்றும் தெரியாது என்று டாக்டர் திரும்பவும் மெதுவாகச் சொன்னார்.

"தெரியும். எண்டாலும் குளிராக்குங்கோ."

டாக்டர் சூட்டை இறக்கினார். மழை விட்டதுபோலச் சத்தம் மெல்ல மெல்ல ஓய்ந்தது. அதுவரைக்கும் அக்கா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

பிறகு அந்தச் சட்டிகளில் பல மருந்துகளைப் போட்டுப் பார்த்தார்கள். வேறொரு நோய்க்கு முன்பிருந்தே கொடுக்கிற ஒரு பழைய குளிசை சத்தத்தைப் பாதியாக்கியது. அதையே அக்காவுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். ஆராய்ச்சிக்கு உதவினவர்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் வைத்தபோது, கோட்டுப் போட்ட பெரியவர்கள் முன்னால் டாக்டர் ஆசையோடு அக்காவிடம், "இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். நல்லா இருக்கு என்று அக்கா சொல்லிவிட வேண்டும் என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். அந்தப் பெண் அவருக்காக எவ்வளவு பாடுபட்டிருந்தார்.

"குறைஞ்சிருக்கு. போகேல்லை. இன்னும் வேலை செய்யுங்கோ" என்றார் அக்கா.

நான் அப்படியே மொழிபெயர்த்தேன். முதலில் கைதட்டினது டாக்டர்தான்.

சில வருசங்களில் அவர்கள் குடும்பமாக வடக்கே, பனி பெய்கிற ஒரு ஊருக்குப் போய்விட்டார்கள். முதலில் அடிக்கடி கதைத்தோம், பிறகு குறைந்தது. ஆனால் அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஆராய்ச்சிக்கூடமும் இல்லை, அந்தக் கூட்டமும் இல்லை. நரம்பைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள்.

அன்று காலையிலேயே அக்கா என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். மகள் இப்போது ஐந்தாம் வகுப்பு. அதே ரீச்சர்தான் பிள்ளைகளோடு கூடவே மேல்வகுப்புக்கு வந்திருந்தார். வகுப்பு வாசலில் எங்களைக் கண்டு வெளியே வந்தார். அக்கா கைபேசியை யன்னல் கட்டில் வைத்து, பதிந்த சத்தத்தைப் போட்டார். சடசடவென்று கேட்டது.

"என்ன இது? மழையா?" என்று ரீச்சர் கேட்டார்.

"என்ரை நரம்பு" என்றார் அக்கா. நான் விளக்கினேன். அக்காவின் இரத்தத்திலிருந்து எடுத்தது, குருத்துக்கலமாக்கி, கண்ணாடிச் சட்டியில் நரம்பாக வளர்த்தது, தானாகவே இப்படி அடித்துக்கொள்கிறது, தாயிடமிருந்து பிள்ளைக்கு இரத்தத்தில் வருகிறது என்று எனக்கு விளங்கினமாதிரிச் சொன்னேன். அக்கா என்னை முடிக்க விடவில்லை.

"இவள் என்னைப் பாத்துப் பழகினாள் எண்டு சொன்னியள். அந்தச் சட்டிக்குள்ளை இதுகளுக்குத் தாயில்லை. கண்ணுமில்லை. ஆரைப் பாத்துப் பழகினது? கேளு அவவை."

கேட்டேன். ரீச்சர் கையை நீட்டி, இன்னொரு தடவை போடச் சொல்லிச் சைகை காட்டினார். இந்த முறை குனிந்து, கைபேசிக்குக் கிட்டக் காதை வைத்துக் கேட்டார். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது. "சிஞ்ஞோரா, என்னை மன்னியுங்கள்" என்றார். அது அக்காவுக்கு மொழிபெயர்க்காமலே விளங்கியது.

"எனக்கு வேண்டாம். பிள்ளைக்குச் சொல்லச் சொல்லு. வகுப்பிலை வைச்சுத்தானே சொன்னவ."

ரீச்சர் உள்ளே போனார். நாங்கள் வாசலில் நின்றோம். அவர் மகளின் மேசைக்கு முன்னால் போய் நின்று, "நீ சொன்னது உண்மை. நான் நம்பவில்லை. அது என் பிழை" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

பிள்ளை கூச்சத்தில் நெளிந்தாள். "பரவாயில்லை ரீச்சர்" என்று இத்தாலியனில் சொன்னாள்.

"பரவாயில்லை எண்டு சொல்லாதை" என்று வாசலிலிருந்து தமிழில் கேட்டது. "இப்ப எப்பிடி இருக்கு? அதைச் சொல்லு."

மகள் தாயைப் பார்த்தாள். பிறகு ரீச்சரின் முகத்தை நேராகப் பார்த்து, சந்தைப் பிள்ளைகளின் அதே பலெர்மோ உச்சரிப்பில், "இப்பவும் எரியுது" என்றாள்.

ரீச்சர் அவளுக்கு முன்னால் நிலத்தில் முழந்தாளிட்டு, அவளுடைய சப்பாத்தின் நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார்.